மறு: டைரக்டரி கம்பாரிசன் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

> "கோப்புறை ஒப்பீடு" போதுமே, இன்னொரு சொல் எதற்கு?

மெனுவில் ஒரு பொத்தானுக்குப் பெயர் வைப்பதென்றால் போதும்தான். நாம் தமிழாக்குவதோ, இரண்டு டைரக்டரிகளை ஒப்பிடும் ஒரு ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) திரையில் காட்டும் செய்திகள். அது என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வரலாம்.

இரண்டு அடைவு மரங்களை (டைரக்டரியும் அதனுள் அடுக்கடுக்காக உள்ளவையும்) ஒப்பிடுவது என்கிறோமே, அதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. பைத்தான் நிரல்மொழியில் கோப்புகளை ஒப்பிடும் ஃபைல்சிஎம்பி (filecmp) நிரற்கூறு, தனியாகச் சொல்லாவிட்டால், கோப்பின் வகை, அளவு, கடைசியாக மாற்றிய நேரம் மூன்றையும் பார்க்கும். மூன்றும் ஒன்றாக இருந்தால் 'இரண்டும் ஒன்றே' என்று சொல்லிவிடும். கோப்பைத் திறக்கவே திறக்காது. கோப்புகளை நகலெடுத்து ஒத்திசைக்கும் ஆர்சிங்க்கும் (rsync) வழக்கமாக அளவையும் நேரத்தையும் மட்டும் பார்த்துக் கடந்துவிடும். செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) தெரிவைக் கொடுத்தால்தான் இரண்டு பக்கமும் உள்ளடக்கத்தைப் படித்துப் பார்க்கும். கோப்புகளின் வேறுபாட்டைக் காட்டும் டிஃப் (diff) அப்படியில்லை, உள்ளே போய்ப் படிக்கும். பெரிய வட்டாக இருந்தால் இந்த இரண்டு வகைக்கும் நேரத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். காப்புநகல் பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பவருக்கு முதல் வகையை நம்பி மூலத்தை அழிக்கலாமா என்பதே கேள்வி. இரண்டுக்கும் 'ஒப்பீடு' என்றே போட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

அதனால் என் பரிந்துரை: மேலோட்டமாகப் பார்ப்பது ஒப்பீடு; உள்ளடக்கத்தைப் படித்துச் சரிபார்ப்பது ஒப்புநோக்கு. இரண்டாவது புதிய சொல் அல்ல. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் ஒரு படியை இன்னொன்றோடு வரிவரியாகப் பார்த்துப் பாடபேதம் குறித்தார்களே, அதற்கு உள்ள சொல்தான். உட்கார்ந்து முழுதும் படித்தாக வேண்டும் என்ற பொருள் அதில் ஏற்கெனவே ஏறியிருக்கிறது.

> ஒப்புநோக்கு என்றால் ஒன்று மூலம், மற்றது நகல் என்று ஆகிவிடாதா?

ஆகலாம். செய்தியில் மூலம், நகல் என்று எழுதாமல் 'முதல் அடைவு', 'இரண்டாம் அடைவு' என்று எழுதினால் சரியாகிவிடும். சுவடிகளிலும் எது மூலம் என்று எல்லா நேரமும் தெரிந்திருக்கவில்லை.

'ஒத்துப்பார்த்தல்' வேண்டாம் என்பேன். ஒத்திசைவுக்கு (சிங்க்) பக்கத்தில் வந்து நிற்கிறது. ஒப்பிடுவது வெறுமனே படிப்பது, ஒத்திசைப்பது எழுதுவது, சில தெரிவுகளில் அழிப்பதும்கூட. குழப்பம் வந்தால் போவது பயனரின் கோப்புகள்.

அடைவா கோப்புறையா என்ற பழைய சண்டைக்கு நான் வரவில்லை. இங்கே அடைவு.

ஃபைல்சிஎம்பியில் அடைவுகளை ஒப்பிடும் டிர்சிஎம்பி (dircmp) வகுப்பில் 'ஃபன்னி ஃபைல்ஸ்' என்று ஒரு பட்டியல் உண்டு. இரண்டு பக்கமும் இருந்தும் ஒப்பிட முடியாமல் போனவை. இதற்கு 'வில்லங்கக் கோப்புகள்' என்று போட ஆசை. யாராவது தடுங்கள்.

இன்னொன்று, இதுதான் நம்மை நேராகப் பாதிப்பது. 'முதல் அடைவில் மட்டும் உள்ளது' என்ற செய்தி தமிழ்க் கோப்புப்பெயர்களில் பொய் சொல்லும். 'கோப்பு' என்ற சொல்லையே எடுங்கள். அதிலுள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். மேக்கின் பழைய கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். அங்கிருந்து லினக்ஸுக்கு வந்த மரத்தை, சேர்த்து எழுதிய பெயருள்ள மரத்தோடு ஒப்பிட்டால், ஒரே பெயர் 'முதலில் மட்டும்' என்று ஒரு முறை, 'இரண்டாவதில் மட்டும்' என்று இன்னொரு முறை வரும். பார்ப்பவருக்குத் தலை சுற்றும். ஒப்பிடும் முன் பெயர்களை என்எஃப்சி என்ற, குறிகளைச் சேர்த்தே எழுதும் யூனிகோடு வடிவத்துக்குக் கொண்டுவருவது ஸ்கிரிப்ட் எழுதுபவர் வேலை. செய்தி நம் வேலை: 'பெயர் ஒன்றே, குறியீடு வேறு' என்று தனியாக ஒரு வரி சேர்க்கலாம். ஆங்கில மூலத்தில் அப்படி ஒரு வரி இல்லை என்பதால், முதலில் நிரலில் சேர்க்கச் சொல்லி நிரலாளர்களுக்கு எழுத வேண்டும். வழு அறிக்கையை நான் எழுதுகிறேன். பெயர் எடுத்துக்காட்டுகள் இருந்தால் அனுப்புங்கள், ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் வேண்டும்.