நெடுந்தீவு வெடியரசன் கதை யாருக்காவது முழுதாகத் தெரியுமா?

ஸ்காபரோ பேத்தி:

எல்லோருக்கும் வணக்கம். என் அம்மம்மா யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவின் மேற்குப் பக்கத்தைச் சேர்ந்தவர். நான் பிறந்து வளர்ந்தது கனடாவில். வருகிற ஆடி மாதம் அம்மாவுடன் முதல் தடவையாக ஊருக்குப் போகிறேன்.

யூடியூபில் தேடினால் எல்லாரும் ஒரே சுற்றைத்தான் காட்டுகிறார்கள். குதிரை, பெருக்க மரம், கல் வேலி, கோட்டை, மேலிருந்து ஒரு ட்ரோன் படம், முடிந்தது. அம்மம்மா சொன்ன கதை ஒன்றும் அவற்றில் இல்லை. அவர் வெடியரசன் என்ற ஒரு ராசாவைப் பற்றிச் சொல்வார். கண்ணகியின் சிலம்புக்கு மணி எடுக்க வந்த கப்பலை அவன் மறித்தானாம். நான் பாதியிலேயே நித்திரையாகிவிடுவேன். இப்போது கேட்பதற்கு அவர் இல்லை.

முழுக்கதை என்ன? அப்படி ஒரு அரசன் உண்மையிலேயே இருந்தானா? கோட்டை என்று காட்டுகிறார்களே, அது அவனுடையதா, போர்த்துக்கீசர் கட்டியதா? ஒரு வீடியோவில் அதைப் பழைய பௌத்த விகாரை என்றார்கள். கீழே கமெண்டுகளில் பெரிய சண்டை. ஒன்றும் விளங்கவில்லை.

பழசுதேடி:

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கோட்டை என்று சொல்லப்படும் இடங்கள் இரண்டு. ஆஸ்பத்திரிக்குப் பின்னால், கடலைப் பார்த்தபடி முருகைக்கல்லில், அதாவது பவளப்பாறைக் கல்லில், கட்டிய இடிந்த மாடிச் சுவர்கள் இருக்கும். அதுதான் போர்த்துக்கீசர் காலத்தது என்று சொல்லப்படுவது. போர்த்துக்கீசர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள், 1658இல் ஒல்லாந்தர் அதைப் பறித்தார்கள். வெடியரசன் கோட்டை என்பது வேறு. அது தீவின் மேற்குப் பக்கம். வீடியோக்காரர்கள் பாதிப்பேர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். கதையை ஊர்க்காரர் யாராவது சொன்னால்தான் சரி.

மாவிலித்துறை:

பிள்ளை, நான் தீவின் நடுப்பக்கத்து ஆள். கலியாணம் முடித்துக் கிளிநொச்சிக்கு வந்து கனகாலம். கதையை எங்கள் அப்பு சொன்ன மாதிரியே சொல்கிறேன். புத்தகத்தில் வேறு மாதிரி இருந்தால் என்னோடு சண்டைக்கு வராதீர்கள். தீவுக்குள்ளேயே வீட்டுக்கு வீடு மாறும்.

காவிரிப்பூம்பட்டினத்தில் கண்ணகிக்குச் சிலம்பு செய்ய வேண்டும். பரல் சாதாரண மாணிக்கமாக இருந்தால் போதாதாம், நாகமணிதான் வேண்டுமாம். அது நாகதீவில் நாகத்திடம் இருக்கிறது. அதை எடுத்துவர மீகாமன் என்ற கப்பல் தலைவன் கப்பல்களோடு புறப்படுகிறான். வழியில் நெடுந்தீவு. இங்கே முக்குவர் என்ற கடலோடிச் சனத்தின் தலைவன் வெடியரசன். கரையிலிருந்து பாயைக் கண்டவன் கேட்கிறான்: "என்னைக் கேளாமல் என் கடலில் ஓடுகிறவன் யார்?" அப்பு இந்த இடத்தில் குரலை உயர்த்துவார். கண்ணகி பெயர் சொன்னாலும் வெடியரசன் அசையவில்லை. சண்டை மூள்கிறது. தம்பி வீரநாராயணன் விழுகிறான், வெடியரசன் பிடிபடுகிறான். இன்னொரு தம்பி விளங்குதேவன் சேதி கேட்டுப் படையோடு வந்து மீகாமனை மறிக்கிறான். இரண்டு பக்கமும் களைத்து, கடைசியில் சமாதானம். மணி சிலம்புக்குப் போய்ச் சேர்கிறது. அந்தச் சிலம்பு மதுரையில் என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும்.

அப்பு இதைச் சொல்லி முடித்ததும் எப்போதும் ஒன்று சேர்ப்பார்: "அன்றைக்கே எங்கடை ஆள் விட்டிருந்தால் மதுரை தப்பியிருக்கும், இல்லை, அவன் முழுக்க மறித்திருந்தால் தப்பியிருக்கும்." எது சரி என்று அவரே முடிவு செய்யவில்லை.

சரி, இருந்தானா இல்லையா என்ற கேள்விக்கு வருவோம். ஆண்டு போட்டு எழுதக்கூடிய அரசன் அவன் இல்லை என்பதுதான் என் எண்ணம். ஆனால் சும்மா கட்டிவிட்ட கதையும் இல்லை. பக்கத்துத் தீவான நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, கட்டாயம் பாருங்கள். 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையை ஆண்ட பராக்கிரமபாகு தமிழில் வெட்டுவித்தது. பரதேசிகள், அதாவது பிறநாட்டார், ஊராத்துறையில் (இன்றைய ஊர்காவற்றுறை) வந்து இறங்க வேண்டும், அவர்களைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மிச்சம் சொந்தக்காரனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி. அதாவது, இந்தக் கடலில் ஓடும் கப்பலில் யாருக்கு என்ன உரிமை என்பது ராசா கல்லில் வெட்டித் தீர்க்கவேண்டிய அளவுக்கு அன்றைக்குப் பெரிய வழக்கு. வெடியரசன் கேட்ட கேள்வியும் அதுதானே? நாகமணியை நீங்கள் நம்பவேண்டாம். கரையில் நின்று "இது யாருடைய கப்பல்" என்று கேட்டவர்கள் இருந்தார்கள், அதை நம்பலாம்.

இனி அந்தக் கமெண்டுச் சண்டை. மேற்கில் நீங்கள் பார்க்கப்போவது மதிலும் கொத்தளமும் இல்லை. முருகைக்கல்லை அடுக்கிய வட்டமான அடித்தளங்கள். அவை பௌத்த தூபிகளின் எச்சம் என்பது தொல்லியல்காரர் கருத்து. அதில் அதிர்ச்சியடைய என்ன இருக்கிறது? மணிமேகலையைக் கடல்தெய்வம் கொண்டுபோய் விட்ட மணிபல்லவம் நயினாதீவுதான் என்று பலர் சொல்கிறார்கள். மணிமேகலை தமிழ்க் காப்பியம், பௌத்தக் காப்பியமும்கூட. தமிழ் பேசிய பௌத்தர்கள் இந்தக் கரைகளில் இருந்திருப்பார்கள். தூபி இடிந்து, கும்பிட ஆளில்லாமல் போன பிறகு, ஊர்ச்சனம் தங்களுக்குத் தெரிந்த பெரிய பெயரை அந்தக் கல்லுக்கு வைத்திருக்கும். இரண்டும் ஒரே இடத்தில் உண்மையாக இருக்கலாம். ஆனால் அங்கே நடும் அறிவிப்புப் பலகையில் ஒரு பெயரை எழுதினால் மற்றது செத்துவிடும் என்று இரண்டு பக்கமும் நினைக்கிறது. பலகை நடுகிறவருக்கு வெடியரசன் தெரியாது, பலகையைத் திட்டுகிறவருக்கு மணிமேகலை மறந்துபோய்விட்டது. எனக்குக் கோபம் இரண்டு பேரிலும் உண்டு, பலகைக்காரரில் கொஞ்சம் அதிகம்.

குதிரையைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நான் சுருக்கமாக முடிக்கிறேன். போர்த்துக்கீசர் கொண்டுவந்தது, ஒல்லாந்தர் பெருக்கியது, வெள்ளைக்காரர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி பார்த்தது, பிறகு கேட்பாரில்லாமல் விட்டது. லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. 2015இல் ஒரு பகுதியைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். கோடையில் அந்தச் சீவன்கள் தண்ணீருக்குப் படும் பாடு படத்தில் வராது.

கல் வேலியை மட்டும் ஓட்டோவிலிருந்து பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். இறங்கி ஒரு ஒழுங்கைக்குள் நடவுங்கள். சாந்து இல்லை, சீமெந்து இல்லை. தோட்டத்து நிலத்தைக் கிண்டினால் வருவது முருகைக்கல், அதை எங்கே கொட்டுவது? எல்லையில் அடுக்கு. நிலமும் துப்புரவாகும், ஆடு மாடும் உள்ளே வராது, பனங்கன்றுக்குக் காற்றும் மறையும். பெரிய கல் கீழே, சப்பைக் கல் நடுவே, கையில் அகப்பட்டது மேலே. கல்லுக்குக் கல் இடைவெளி விட்டு அடுக்கவேண்டும். நெருக்கி அடுக்கினால் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று மோதித் தள்ளிவிடும், இடைவெளி இருந்தால் ஊடே போய்விடும். அப்பு பின்னேரத்தில் ஒரு கம்போடு வேலியைச் சுற்றி வருவார். மாடு தள்ளிய இடத்தில் இரண்டு கல் எடுத்து வைப்பார், அடுத்த வீட்டுக்காரன் ஒரு முழம் நகர்த்தி வைத்திருக்கிறானா என்றும் பார்ப்பார். காணி வழக்குகளில் பாதி இந்த வேலியில்தான் தொடங்கும். ஆட்கள் வெளியேறிய வளவுகளில் வேலி முழுதாக நிற்கும், உள்ளே வீடு இராது. உங்கள் அம்மம்மாவின் வளவும் அப்படித்தான் இருக்கக்கூடும், அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இன்னொன்று. நீங்கள் இறங்கும் மாவிலித்துறையில் குமுதினிப் படகின் நினைவிடம் இருக்கிறது. 1985 மே 15ஆம் தேதி இந்தத் துறையிலிருந்து புங்குடுதீவின் குறிகட்டுவான் துறைக்குப் போன படகை நடுக்கடலில் மறித்து, கடற்படையினர் முப்பதுக்கும் மேற்பட்டவர்களை வெட்டியும் குத்தியும் கொன்றார்கள். குழந்தைகளும் அதில். குதிரையைத் தேடி ஓடுவதற்கு முதல் அங்கே நின்று பெயர்களை வாசியுங்கள். வீடியோக்காரர் ஒருவரும் வாசிப்பதில்லை.

வாவிக்கரை:

நான் மட்டக்களப்பு. அக்கா சொன்ன கதை எங்கள் பக்கம் இன்னும் கோயிலில் உயிரோடு இருக்கிறது. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு தொடங்கினால் 'கண்ணகி வழக்குரை' படிப்பார்கள். அதில் கடலோட்டு காதை என்று ஒரு பகுதி, முழுக்க மீகாமன் பயணமும் வெடியரசன் போரும்தான். கடைசி நாள் குளிர்த்தி பாடி அம்மனை ஆற்றுவார்கள். எங்கள் முக்குவக் குடிகளுக்கு வெடியரசன் தோற்ற ஆள் இல்லை, முன்னோர். படிக்கிறவர் எந்தக் குடி என்பதைப் பொறுத்துச் சண்டைக் கட்டத்தில் குரல் மாறுவதை நானே கேட்டிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கதை ஏன் மங்கியது என்பதற்கும் காரணம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டைக் கடுமையாக எதிர்த்தார். சமணச் செட்டிப் பெண்ணைச் சைவர் கும்பிடுவதா என்பது அவர் கேள்வி. அதன் பிறகு பல கண்ணகி கோயில்கள் இராசராசேஸ்வரி, புவனேஸ்வரி என்று மாறின. கோயில் மாறினால் அங்கே படித்த ஏடும் மூலைக்குப் போகும். வடக்கில் 'கோவலனார் கதை' என்று அதே கதைதான் இருந்தது. சிங்களவர் அதே அம்மனைப் பத்தினித் தெய்யோ என்று இன்றும் கும்பிடுகிறார்கள்.

மாவிலித்துறை:

தம்பி சொல்வது சரி. எங்கள் அப்பு நாவலரைப் படித்தவர் இல்லை, அதனால் கதை தப்பியது. உங்கள் ஊர்ப் படிப்பை யாராவது ஒலிப்பதிவு செய்திருந்தால் இங்கே போடுங்கள், சண்டைக் கட்டம் மட்டுமாவது.

பழசுதேடி:

ஒன்றைச் சேர்க்கிறேன். தனிநாயகம் அடிகள் பிறந்தது ஊர்காவற்றுறைப் பக்கம் கரம்பொனில், ஆனால் தகப்பன் வழி நெடுந்தீவு. 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டிய மனுசன். தீவுக்காரர் எவரிடமாவது அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள், தேத்தண்ணி குடிக்காமல் விடமாட்டார்கள்.

ஸ்காபரோ பேத்தி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அக்கா, அந்த "மதுரை தப்பியிருக்கும்" என்பதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மம்மாவும் ஏதோ அப்படித்தான் முடிப்பாராம், ஆனால் வெடியரசன் பக்கம் உறுதியாக நின்றாராம். இன்னொரு கேள்வி: அம்மாவுக்குக் கடல் என்றால் பயம். ஆடியில் படகு எப்படி? ஒரு நாள் போதுமா?

மாவிலித்துறை:

மேற்கு ஆட்கள் அப்படித்தான், விட்டுக்கொடுக்கமாட்டார்கள்.

ஆடி என்றால் சோளகம். குறிகட்டுவானிலிருந்து ஒரு மணித்தியாலம் போல எடுக்கும், நயினாதீவைக் கடந்த பிறகு நல்லாக ஆட்டும். காலைப் படகைப் பிடியுங்கள், வெயில் ஏறினால் காற்றும் ஏறும். அம்மாவை முன்பக்கம் இருத்தவேண்டாம், நடுவில் இருக்கட்டும். வெறும் வயிற்றோடும் போகவேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். இறங்கியவுடன் படகுக்காரரிடம் திரும்பும் நேரத்தைக் கேளுங்கள், இணையத்தில் போட்டிருக்கும் நேரத்தை நம்பி நின்று ஏமாந்தவர்கள் பலர்.

துறையில் ஓட்டோ பிடிக்கும்போதே "முதலில் மேற்கு, வெடியரசன் கோட்டை" என்று சொல்லுங்கள். விட்டால் அவர்கள் பக்கத்தில் இருக்கும் புறாக்கூட்டையும் பெருக்க மரத்தையும் காட்டி நேரத்தைக் கரைத்து, மேற்குக்கு நேரமில்லை என்பார்கள். குடிதண்ணீர் போதியளவு கொண்டுபோங்கள், கிணற்றுத் தண்ணி பல இடங்களில் சவர். வளவைத் தேடுவதென்றால் ஒரு நாள் போதாது. காணி உறுதியின் பிரதி இருந்தால் எடுத்துப்போய்க் கிராம சேவகரிடம் காட்டுங்கள், இரவு தங்க அவரே இடமும் சொல்வார். நயினாதீவை அடுத்த நாளுக்கு வையுங்கள். மத்தியானம் அம்மன் கோயிலில் அன்னதானம் இருக்கும், சாப்பிட்டுவிட்டு அந்தக் கல்வெட்டு எங்கே என்று கேளுங்கள்.