நாட்டு நலப்பணித் திட்டம்: நாற்காலி அடுக்குவதும் சேவைக் கணக்கில் சேருமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். நான் கலைக் கல்லூரி ஒன்றில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்த நான்கு மாதங்களில் வளாகத்தைப் பெருக்கியதையும், விழாக்களுக்கு நாற்காலி அடுக்கியதையும் தவிர வேறொன்றும் செய்யவில்லை. இவை சேவை நேரமாகக் கருதப்படுமா? சான்றிதழ் பெற என்னென்ன வேண்டும்?

மறுமொழி 1:
தம்பி, ஆண்டுக்கு 120 மணி வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியையும், ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றையும் முடித்தவர்களுக்கே சான்றிதழ் கிடைக்கும். அந்த 120 மணியில் அறிமுகப் பயிற்சிக்கு 20 போக, வளாகப் பணி 30 மணிக்கு மேல் போகக் கூடாது என்பதும், மீதி நேரம் தத்தெடுத்த கிராமத்திலோ குடியிருப்பிலோ மக்களிடையே செலவாக வேண்டும் என்பதும் வழிகாட்டு நெறி. விழா மேடைக்கு ஆள் சேர்ப்பதற்காக 1969இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி இத்திட்டத்தைத் தொடங்கவில்லை. (நான் திட்ட அலுவலராக இருந்தபோது எனக்கும் மேலிடத்திலிருந்து நாற்காலிக் கோரிக்கைகள் வந்ததுண்டு.)

மறுமொழி 2:
பணிக் குறிப்பேட்டை அன்றன்றே எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுங்கள். நான் மாதக்கடைசியில் மொத்தமாக எழுதியதால் 14 மணி நேரம் கணக்கில் ஏறவில்லை. முகாமைத் தவறவிடாதீர்கள். கண்மாயில் சீமைக்கருவேலம் வெட்டியபோது ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறிய முள்ளை ஊர்ப் பாட்டி ஒருவர் ஊக்கால் எடுத்துவிட்டு, தூக்குச்சட்டி மோரையும் கொடுத்தார்.

கேட்டவர்:
நன்றி ஐயா, நன்றி அண்ணா. எங்கள் கல்லூரி தத்தெடுத்த கிராமம் எது என்று திங்கட்கிழமை திட்ட அலுவலரிடம் கேட்கிறேன்.