இன்னும் உறுத்தும் ஒரு படம்: உங்கள் அனுபவம்?

மஞ்சக்குப்பத்தான்:
மாசி மகம், தேவனாம்பட்டினம். கேமரா வாங்கி ஒரு மாதம்தான். வெயில் அப்பாவின் முதுகுக்குப் பின்னால். முகம் கருப்பாகத் தெரிந்ததால் படத்தின் வெளிச்ச அளவை, அதாவது எக்ஸ்போஷரை, ப்ளஸ் 2 வைத்துத் தட்டினேன். முகம் அருமை. வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் வேட்டியைக் காணோம்! மடிப்பில்லை, ஒட்டியிருந்த ஈர மணலும் இல்லை. எடிட்டிங்கில் வெள்ளையைக் குறைக்கும் ஹைலைட் ஸ்லைடரைக் கடைசிவரை இழுத்தேன். வெள்ளை போய்ச் சாம்பல் வந்தது, மடிப்பு வரவில்லை. கேமராவே சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக்கில் (JPEG) எடுத்ததுதான் தப்பு. அப்பா மட்டும் "நல்லாத்தானே இருக்கு" என்கிறார்.

புதுவைப் பையன்:
எனக்கு ஒயிட் டவுன் மஞ்சள் சுவர். அத்தை பெண்ணைச் சாய்ந்து நிற்கச் சொல்லி எடுத்தேன். சுவர்ப்பக்கக் கன்னம் மட்டும் மஞ்சள். "என்ன மாமா, நலங்கு வச்ச மாதிரி இருக்கு?" என்றாள். நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை நீலப் பக்கம் தள்ளினால் அந்தக் கன்னம் சரியானது, மறு கன்னம் நீலம் பாய்ந்தது. சுவரிலிருந்து நாலு அடி தள்ளி நிற்க வைத்திருக்கலாம். சொல்ல ஆளில்லை.

ஓ.டி. துறைமுகம்:
முதல் நண்பர் சொல்வது பாதிதான் சரி. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் 14 பிட் ரா (RAW) கோப்பில் 16,384. கொஞ்சம் மிச்சம் மீட்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒளியைப் பதியும் சென்சாரே நிரம்பிவிட்டால் ராவிலும் அங்கே ஒன்றும் இருக்காது. ப்ளஸ் 2 வைத்தது நீங்கள், பழி ஜேபெக் மேலா? வெள்ளை எரிந்த இடம் மினுக்கும் வசதி மெனுவில் இருக்கும், அதைப் போடுங்கள். ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடம் வலது ஓரத்தில் முட்டினால் எக்ஸ்போஷரைக் குறையுங்கள். வேட்டிக்கு வெளிச்சம் அளந்து எடுத்துவிட்டு முகத்தை எடிட்டிங்கில் தூக்குங்கள், நிழலில் கொஞ்சம் புள்ளி புள்ளியாகப் பொரி வரும், பரவாயில்லை. அப்புறம் ஒரு 50 மி.மீ. 1.8 லென்ஸ் வாங்கிவிடுங்கள், பழையது போதும், பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். என் கதை சின்னது: மெமரி கார்டு போடாமல் ஒரு காதுகுத்து முழுக்க எடுத்தேன்.

மஞ்சக்குப்பத்தான்:
அண்ணா, லென்ஸ் நான் கேட்கவே இல்லையே. காதுகுத்தைச் சொல்லுங்கள்.

நெல்லிக்குப்பம் ரோடு:
ஆயா படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, வாசலில் முறத்தோடு நெல் புடைப்பது. ஏதோ விண்ணப்பத்துக்கு பாஸ்போர்ட் அளவு வேண்டுமென்று 413×531 பிக்சலாக வெட்டி, சேவ் ஆஸ் கொடுக்காமல் சேவ் அழுத்திவிட்டேன். நகலும் இல்லை. போன மாதம் காரியத்துக்குப் பெரிதாக்கக் கொடுத்தேன். ஸ்டுடியோ அண்ணன் திரையில் பார்த்துவிட்டு, "கண்ணே கட்டம் கட்டமா இருக்கே, ஒரிஜினல் இல்லையா தம்பி?" என்றார். மாலை போட்டு மாட்டியிருக்கிறோம். தோள் வரைதான் இருக்கிறது. முறம் இல்லை.