வலிக்காத இடத்திலேயே ஊசி போட்டுக்கொண்டிருந்தேன்

பதினோரு வருடமாக இன்சுலின் போடுகிறேன். தொப்புளுக்கு இடது பக்கம், எப்போதும் அங்கேயேதான். நாள் போகப் போக ஊசி குத்துவதே தெரியாமல் போனது. கை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சுகர் மட்டும் பிடிபடவே இல்லை. ஒரு நாள் 110, மறுநாள் அதே சாப்பாட்டுக்கும் அதே மருந்துக்கும் 280. டோஸ் ஏறி ஏறி 38 யூனிட்டில் வந்து நின்றது. நான் ஒளித்துவைத்து இனிப்புத் தின்பதாக வீட்டில் சந்தேகப்பட்டார்கள். அதை நினைத்தால் இன்றும் வலிக்கிறது.

கடைசியில் ஒரு நர்ஸ்தான் வயிற்றைத் தடவிப் பார்த்தார். கண்ணுக்கு லேசான மேடு, அவ்வளவுதான். என் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தார். சுற்றிலும் சதை மெத்தென்று இருக்க, நடுவில் பாதி உள்ளங்கை அகலத்துக்கு ரப்பர் போலத் தடித்துக் கிடந்தது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் இன்சுலினே அங்கே கொழுப்பை வளர்த்துவிடுமாம். லிப்போஹைப்பர்ட்ரோபி என்று பெயர். அங்கே உணர்ச்சி மந்தமாகிவிடும். வலிக்கவில்லையே என்று நாமும் அங்கேயே குத்துவோம். உள்ளே போன மருந்து எப்போது, எவ்வளவு ரத்தத்தில் சேரும் என்பதற்குக் கணக்கே கிடையாது.

ஒரே ஊசியை நாலைந்து நாள் ஓட்டியதும் என் தப்புதான். இப்போது ஒவ்வொரு முறையும் புது ஊசி. வயிறு, தொடை என்று மாற்றி, முந்தைய இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளிப் போடுகிறேன்.

———

அக்கா, ஒன்றைச் சேர்த்துச் சொல்லியே ஆக வேண்டும். எனக்கும் தொடையில் இதே கட்டி. தெரிந்த அன்றே நானாக வயிற்றுக்கு மாறினேன், டோஸைக் குறைக்கவில்லை. நல்ல சதையில் மருந்து முழுசாகச் சேர்ந்துவிட்டது. நடு ராத்திரி தலையணை நனைய வியர்வை, கை நடுக்கம். சோதித்தால் 48. சர்க்கரைத் தண்ணீர் குடித்த பிறகுதான் பேச்சே வந்தது. இடம் மாற்றுமுன் தயவுசெய்து டாக்டரிடம் டோஸைக் கேட்டுவிடுங்கள்.

———

சரியாகச் சொன்னீர்கள் தம்பி, எனக்கு டாக்டர் முதலிலேயே 30 ஆக்கிவிட்டார். அப்புறம், குளிக்கும்போது சோப்பு விரலால் தடவினால் கட்டி சட்டென்று தட்டுப்படும். எட்டு மாதம் ஆகிறது, என்னுடையது பாதியாகக் கரைந்திருக்கிறது.