ஒட்டகத்தின் சிவப்பணுவில் உட்கரு உண்டா?

வடிவு_குரூப்4:
நேற்று கோச்சிங் சென்டர் மாதிரித் தேர்வில் ஒரு கேள்வி: "சிவப்பணுவில் உட்கரு உள்ள பாலூட்டி எது?" யானை, ஒட்டகம், திமிங்கலம், வௌவால் என்று நான்கு விடைகள். பாலூட்டி எதற்குமே கிடையாது என்று படித்த ஞாபகம். வேறு வழியில்லாமல் ஐந்தாவது கட்டம், 'விடை தெரியவில்லை'யை நிழலிட்டேன். கீ-யில் ஒட்டகம் என்றிருக்கிறது. பழைய கைடு ஒன்றிலும் "ஒட்டகம், லாமா தவிர" என்றே அச்சடித்திருக்கிறார்கள். எதைத்தான் மனப்பாடம் செய்வது?

ஸ்லைடு_மாமா:
நீ நினைத்ததுதான் சரிம்மா, கைடு தப்பு. இருபத்திரண்டு வருஷமாக லேபில் ரத்தம் பார்க்கிறேன். படிக்கிற காலத்தில் எங்கள் சார் ஒரு நாள் எதுவும் சொல்லாமல் ஒரு ஸ்லைடைக் கொடுத்து, "ரிப்போர்ட் எழுது" என்றார். லீஷ்மன் சாயம் போட்டது. பார்த்தால் எல்லா சிவப்பணுவிலும் நடுவில் ஊதாப் பொட்டு! யாருக்கோ பெரிய வியாதி என்று பதறிவிட்டேன். கடைசியில் பிராய்லர் கடைக் கோழி ரத்தம். அந்தப் பொட்டுதான் உட்கரு. பறவை, தவளை, பாம்பு, மீன் எல்லாவற்றுக்கும் அது இருக்கும்.

ஒட்டக ஸ்லைடும் ஒரு கால்நடை டாக்டர் தயவில் பார்த்திருக்கிறேன். நம்முடையது வட்டமாக, ஓட்டை முழுசாக விழாத உளுந்து வடை மாதிரி நடுவில் அமுங்கியிருக்கும். ஒட்டகத்தினுடையது வெள்ளரி விதை போல நீள்வட்டம். பொட்டு இல்லவே இல்லை. கோழியுடையதும் நீள்வட்டம்தான், வடிவத்தைப் பார்த்து எவரோ உட்கருவையும் சேர்த்துவிட்டார்கள் என்பது என் யூகம். ஒட்டகம் ஒரே மூச்சில் நூறு லிட்டர் தண்ணீர் குடிக்கும். அந்த அணு இரண்டு மடங்குக்கு மேல் உப்பினாலும் வெடிக்காது. அதிசயம் அதில்தான் இருக்கிறது, அதைக் கேட்கலாமே!

இன்னொன்று: 'முதிர்ந்த' சிவப்பணு என்று படி. எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது நமக்கும் உட்கரு உண்டு, வெளியே வருமுன் தள்ளிவிடும். பச்சிளம் குழந்தை ரத்தத்தில் ஒன்றிரண்டு உட்கருவோடு கண்ணில் படும்.

தேர்வு_வீரன்:
மாமா, அதெல்லாம் சரி. அசல் பரீட்சையில் இதே கேள்வி வந்தால்? ஒட்டகம் என்று போட்டால் மார்க் வரும், நீங்கள் சொல்வதைப் போட்டால் வராதே.

ஸ்லைடு_மாமா:
ஒட்டகத்தையே போட்டுவிட்டு வா தம்பி, ஒரு மார்க்கை எதற்கு விட வேண்டும்? ஆனால் உத்தேச விடை வந்ததும் பாடநூல் பக்கத்தை இணைத்து ஆட்சேபம் அனுப்பு. அதற்குத்தானே ஒரு வாரம் தருகிறார்கள்.

வடிவு_குரூப்4:
நன்றி மாமா. அக்கா பள்ளிக்கூட லேபில் மைக்ராஸ்கோப் இருக்கிறது, நானே பார்த்துவிடலாம் என்று கடைக்குப் போனேன். "பொரியலுக்கா? கோழி ரத்தம் எதுக்கும்மா, பக்கத்துல ஆட்டு ரத்தமே கிடைக்குமே" என்கிறார் கடைக்காரர். ஆட்டு ரத்தத்தில் பொட்டு இருக்காது என்று அவரிடம் எப்படிச் சொல்ல!