'முடி உதிர்வின் ஏழு நிலைகள்': சொல் சரியா?

ஐயா, வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் ஒட்டப்போகும் ஆண் வழுக்கை விளக்கத்தாளுக்கு 'முடி உதிர்வின் ஏழு நிலைகள்' என்று தலைப்பிட்டிருக்கிறேன். 'மினியேச்சரைசேஷன்' என்பதற்கு மட்டும் சொல் வேண்டும். வழுக்கையில் முடி நடும் சிகிச்சைக்காக முடி எடுக்கும் பின்னந்தலைக்கு 'நாற்றங்கால்' எப்படி? தோட்டத்து ஆள்களுக்குச் சட்டென்று விளங்கும்.

-----

> முடி உதிர்வின் ஏழு நிலைகள்

தம்பி, இங்கே 'உதிர்வு' நிற்காது. நாளைக்கு 50 முதல் 100 முடி எல்லார் தலையிலும்தான் உதிர்கிறது. ஆண் வழுக்கையில் டிஎச்டி ஹார்மோனால் மயிர்க்கால் சுற்றுக்குச் சுற்று சிறுக்கிறது. வளரும் பருவமும் குறைகிறது. தடித்த முடி மெலிந்து பூனைமுடியாகிவிடும். சீப்பில் வந்ததை எண்ணிக்கொண்டிருப்பவர் உச்சியில் நடப்பதைக் கோட்டைவிடுவார். ஆகவே 'மினியேச்சரைசேஷன்' என்பதற்கு 'மயிர்க்கால் சிறுத்தல்'.

'சூம்பல்' வேண்டாம். சூம்பியது தேறாது என்றுதான் நம்மவர் எடுத்துக்கொள்வார். சிறுத்த மயிர்க்கால் ஓரளவு தேறும், மருந்துக்கு வேலையே அங்கேதான்.

'நாற்றங்கால்' இன்னும் மோசம். செம்பனை நாற்று தீர்ந்தால் மறுபடி விதை போடலாம். பின்னந்தலையில் மயிர்க்காலைப் பெயர்த்த இடத்தில் மறுபடி முளைக்காது. 'இருப்புப் பகுதி' என்று போடுங்கள். இருபத்தைந்து வயதில் முன்நெற்றியைத் தாழ்வாக நட்டு இருப்பைக் காலி செய்தால், பின்னால் உச்சி வழுக்கையாகும்போது நட ஒன்றும் மிஞ்சாது.

-----

ஐயா, மண்டபத்தில் 'மயிர்' என்று எழுதினால் பையன்கள் சிரிப்பார்களே. 'முடிவேர்' ஆகாதா?

-----

'மயிர்க்கால்' என்றால் யாரும் சிரிப்பதில்லை, வசவு தனிச்சொல்லில்தான். மயிர்க்கால் என்பது முடி முளைக்கும் பை, முடிவேர் அந்தப் பைக்குள் இருக்கும் முடியின் அடிப்பகுதி. இரண்டும் ஒன்றல்ல.

ஹாமில்டன் 1951இல் வகுத்து நார்வுட் 1975இல் திருத்திய ஏழு நிலை அட்டவணைக்கு நம்மிடமே சொல் கிடக்கிறது. இரண்டாம், மூன்றாம் நிலை 'ஏறுநெற்றி'. மூன்றிலேயே உச்சியில் தொடங்கும் வகை 'சுழி வழுக்கை'. நான்கிலும் ஐந்திலும் நெற்றிக்கும் சுழிக்கும் நடுவே ஒரு பட்டை முடி நின்று குறுகும், அது 'இடைப்பட்டை'. ஆறில் அது போய்விடும். ஏழில் காதோரமும் பிடரியும் மட்டும் மிஞ்சும்: 'லாட வழுக்கை'.

'உதிர்வு' என்பதை இரண்டு இடத்துக்கு ஒதுக்கிவையுங்கள். ஒன்று 'தொடக்க உதிர்வு': தலையில் தடவும் மருந்தான 5 விழுக்காடு மினாக்ஸிடில், வேளைக்கு 1 மில்லி, நாளைக்கு இரு வேளை, ஈரமில்லாத தலையில். முதல் சில வாரம் கூடுதலாகக் கொட்டும். பயந்து பலர் நிறுத்துவது அப்போதுதான். நான்கு முதல் ஆறு மாதம் பார்க்காமல் முடிவு கட்டக்கூடாது. இரவில் படுக்க இரண்டு மணி நேரம் முன்பே தடவினால் தலையணையில் ஒட்டாது. வீட்டில் பூனை இருந்தால் கவனம், அதற்கு இது விஷம். மற்றது 'நடவு உதிர்வு': நட்ட முடி இரண்டு முதல் ஆறு வாரத்தில் விழும். மயிர்க்கால் உள்ளே இருக்கும், மூன்று நான்கு மாதத்தில் முளைக்கும், முழுப்பலன் தெரிய ஓராண்டு.

வழுக்கைக்கான ஃபினாஸ்டிரைடு மாத்திரை 1 மில்லிகிராம் நாளுக்கு ஒன்று, மருத்துவர் சீட்டோடு மட்டும். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். புரோஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ இரத்தச் சோதனையில் இது அளவைப் பாதியாகக் காட்டும், ஆகவே இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிட்டுச் சோதிக்க வேண்டும்.

உங்கள் தாளில் உள்ள 'தலைக்கவசத்தால் வழுக்கை வரும்' என்ற வரியை எடுத்துவிடுங்கள், வராது. நடவு முடிந்த புதிதில் அது நட்ட முடியை உரசிப் பெயர்க்கும் என்பது வேறு விஷயம். மருத்துவர் சொல்லும்வரை மோட்டார் சைக்கிளைத் தொடவேண்டாம் என்று அந்த இடத்தில் எழுதுங்கள்.