பேண்டுக்கு ஆல்பம் கவர்: அளவு, ஸ்கேன், தமிழ்–மலையாள எழுத்து, உரிமை

கரிம்பனை:
பி.எஃப்.ஏ. (ஓவியப் பட்டப்படிப்பு) மூணாம் வருஷம் படிக்கிறேன். சித்தூர் (பாலக்காடு) பேண்டு ஒண்ணு கவர் கேட்டிருக்காங்க. பாதிப் பாட்டு தமிழ், பாதி மலையாளம். தலைப்பு ரெண்டு எழுத்திலும் வரணும். முதல்ல ஆன்லைன், அப்புறம் 300 சிடி, முடிஞ்சா எல்பி (பெரிய இசைத்தட்டு). தோல்பாவைக்கூத்துப் பாவை ஒண்ணை வாட்டர்கலர்ல பண்ணலாம்னு இருக்கேன். எந்த அளவுல வரையணும்? கையில ஏ4 ஸ்கேனர்தான். போட்டோஷாப்ல தமிழ் தட்டினா கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்குது. 4000 ரூபாய் பேசியிருக்கு, எழுதி வாங்கணுமா?

நாலு கலர்:
பெரிய அளவுக்கே வரைங்க. எல்பி உறையோட முகம் சுமார் 315 மி.மீ. சதுரம். அச்சகம் ஓரம் வெட்டுறதுக்கு நாலு பக்கமும் 3 மி.மீ. கூட்டினா 321, 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) கிட்டத்தட்ட 3800 பிக்சல். சிடி முன் அட்டை 120 மி.மீ., வெட்டோட 126. ஆன்லைனுக்கு 3000 × 3000 ஆர்ஜிபி ஜேபிஜி போதும். எல்லாம் இதிலிருந்தே சுருக்கிக்கலாம். ஆனா அச்சகத்தோட டெம்ப்ளேட்டை முதல்லயே வாங்கிடுங்க, உறையோட முதுகு அகலம் அச்சகத்துக்கு அச்சகம் மாறும்.

ஆன்லைன் படத்துல போன் நம்பர், விலை, வெப்சைட், க்யூஆர் எதுவும் கூடாது, திருப்பி அனுப்பிடுவாங்க. தலைப்பும் பேண்டு பேரும் அப்லோடுல தட்டுற எழுத்தோட அப்படியே ஒத்துப்போகணும்.

பாவைக்கு ஒரு எச்சரிக்கை. போன் லிஸ்ட்ல கவர் 100 பிக்சலா தெரியுதுன்னு வைங்க. 315 மி.மீ. அதுக்குள்ள சுருங்கினா ஒரு பிக்சலுக்கு 3 மி.மீ. வருது. பாவைத் தோல்ல ஒளி வரக் குத்தியிருக்கிற ஓட்டைகள்ல அதைவிடச் சின்னதெல்லாம் கலங்கிச் சாம்பலாயிடும். கிரீடத்துலயும் காதணியிலயும் மட்டும் 6–8 மி.மீ. ஓட்டை வைங்க, மீதி நுணுக்கம் எல்பி வாங்குறவங்களுக்கு. முழு உருவம் வேண்டாம், பக்கவாட்டு முகம் போதும்.

தெய்யம் (வட கேரளச் சடங்காட்டம்) முகத்துக்குப் போகாம பாவையை எடுத்ததும் நல்லது. தெய்யம் வடக்கே கண்ணூர்–காசர்கோட்டுச் சொத்து. கூத்துமாடத்துல (பாவைக்கூத்து மேடை) பாவைக்குப் பாடுறது கம்பராமாயணம், தமிழ்க் காவியம் கேரள மேடையில, உங்க ரெண்டு மொழிப் பேண்டுக்குப் பொருந்தும்.

மைக்கறை:
300 ஜிஎஸ்எம் கனத் தாள்ல 32.1 செ.மீ. சதுரத்தை ஏ4ல நாலு துண்டா எடுங்க. துண்டுகள் தாராளமா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி வரணும். தாளை எக்காரணத்துக்கும் திருப்பிப் போடாதீங்க. ஸ்கேனர் விளக்கு ஒரு பக்கமிருந்து அடிக்கிறதால தாளோட சொரசொரப்புக்கு நிழல் விழும். 180 டிகிரி திருப்பினா நிழல் எதிர்ப்பக்கம் போய் ஒட்டு பளிச்னு தெரியும். ஆட்டோ எக்ஸ்போஷர், ஆட்டோ கலர் ரெண்டையும் அணைச்சிடுங்க, இல்லேன்னா நாலு துண்டும் நாலு நிறம். கண்ணாடி விளிம்புல தாள் தூக்கி நின்னா அந்த இடம் மங்கும். மூடியைக் கழட்டிட்டு மேல கனமான புத்தகம் வைங்க. 600 டிபிஐ, டிஃப் ஃபைலா எடுங்க. துண்டுகளை ஒட்டறதுக்கு போட்டோஷாப்போட ஃபோட்டோமெர்ஜ், இலவசமா வேணும்னா ஹியூகின்.

நாத்துப் பச்சை அச்சோட நாலு மையில (சிஎம்ஒய்கே: சி நீலம், எம் மெஜந்தா, ஒய் மஞ்சள், கே கறுப்பு) செத்துப்போகும், ஃப்ளூரசன்ட் பிங்க்கும் அப்படித்தான். ஸ்கிரீனை நம்பாம ப்ரூஃப் (மாதிரி அச்சு) கேளுங்க. பெரிய கறுப்புக்கு சி60 எம்40 ஒய்40 கே100. சின்ன எழுத்துக்கு வெறும் கே100, நாலு மையிலயும் அடிச்சா அச்சுத் தட்டு துளி நகர்ந்தாலே விளிம்புல கலர் தெரியும்.

புள்ளியும் சுழியும்:
கொம்பு ஓடுறது ஃபான்ட் தப்பில்லை. ப்ரெஃபரன்சஸ் > டைப்ல வேர்ல்ட்-ரெடி லேஅவுட் இருந்தா அதைத் தேர்ந்தெடுத்துட்டு புது ஃபைல் திறந்து தட்டுங்க. பாமினி மாதிரி பழைய என்கோடிங் எழுத்துரு வேண்டாம், அப்புறம் யாராலயும் திருத்த முடியாது.

ரெண்டு எழுத்தும் ஒரே கனத்துல நிக்கணும்னா பாலூ தம்பி, பாலூ சேட்டன்னு ரெண்டு எழுத்துரு பாருங்க. ஒரே குடும்பம்: தம்பி தமிழ், சேட்டன் மலையாளம். ஓப்பன் ஃபான்ட் உரிமம்தான், கவருக்குக் காசு தர வேண்டாம். கறுப்புமேல வெள்ளையா வந்தா மலையாளச் சுழி மையில அடைபடும், தமிழ்ப் புள்ளி காணாமப் போகும். 8 பாயின்ட்டுக்குக் கீழ இறங்காதீங்க. அச்சுக்கு அனுப்பறப்போ எழுத்தை அவுட்லைனா (வெறும் வடிவமா) மாத்துங்க. மாத்தாத பிரதி ஒண்ணு கையில இருக்கட்டும்.

ஓரப்புள்ளி:
எழுதித்தான் வாங்கணும் தங்கச்சி. 1957 காப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து ஒருத்தர் கேட்டு வரைஞ்ச ஓவியத்துக்கு, வேற ஒப்பந்தம் இல்லேன்னா கேட்டவர்தான் முதல் உரிமையாளர். பல பேர் வரைஞ்சவருக்கே உரிமைன்னு நினைச்சு ஏமாறுறாங்க. “உரிமை ஓவியரிடமே, ஆன்லைன் கவர், 300 சிடி, ஒரு எல்பி பதிப்புக்கு மட்டும் அனுமதி, டீ-சர்ட், போஸ்டருக்குத் தனித் தொகை”ன்னு ஒரு பக்கம் எழுதி, வரையத் தொடங்கறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. திருத்தம் ரெண்டு தடவைன்னு எண்ணிக்கையும் எழுதுங்க. பாதிப் பணம் முன்கூட்டியே.

கரிம்பனை:
நன்றி. ஓட்டைய வரையாம நிஜமாவே தாள்ல குத்தி, பின்னாடி விளக்கு வெச்சா?

மைக்கறை:
ஸ்கேனர்ல அந்த ஒளி வராது, ஓட்டை வழியா தாளுக்குப் பின்னாடி இருக்கிற மூடியோ புத்தகமோதான் தெரியும். காவி மஞ்சள் தாளைப் பின்னாடி வெச்சு ஸ்கேன் பண்ணுங்க. நிஜ ஒளிதான் வேணும்னா கேமராவை ட்ரைபாட்ல அசையாம நிறுத்தி ரெண்டு படம்: ஒண்ணு முன் வெளிச்சத்துல, ஒண்ணு இருட்டுல பின்விளக்கோட. போட்டோஷாப்ல ரெண்டாவதை ஸ்கிரீன் ப்ளெண்ட் மோட்ல முதல் படத்து மேல போடுங்க. குத்தறதை மட்டும் வண்ணம் நல்லா காய்ஞ்சப்புறம் செய்யுங்க, ஈரத்துல குத்தினா ஓட்டையைச் சுத்தி நார் பிசிறும்.